வேவு பாக்காத போன்

ரிப்பேர் இல்ல சார். அது அப்படித்தான் தொறக்கும். கருப்புத் திரையில வெள்ளை எழுத்தா கடகடன்னு ஓடும், ஒரு நிமிஷம் ஆகும், அப்புறம்தான் படம் வரும். புதுக்கோட்டையில ஏறுனதுலேர்ந்து நீங்களும் எட்டி எட்டிப் பாத்துக்கிட்டுதான் வர்றீங்க, நானும் அதைப் பாத்துக்கிட்டுதான் வர்றேன். கேக்கணும்னா நேரா கேட்டுருங்க. பக்கத்து சீட்டுக்காரன் போனை ஓரக்கண்ணால பாக்குற பழக்கம் இருக்கே, இந்த நாட்டுல எல்லாக் கேடும் அங்கதான் ஆரம்பிக்குது.

லினக்ஸ் போன் சார். கேள்விப்பட்டதில்லையா? கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. உங்க கையில இருக்குதே, அந்த மாதிரி போன் எல்லாம் உலகம் பூரா ரெண்டே ரெண்டு கம்பெனிக்காரன் பிடியில இருக்கு. பேரு சொல்லல, உங்களுக்கே தெரியும். நீங்க எங்க போறீங்க, யார்கூட பேசுறீங்க, காலையில எத்தனை மணிக்கு எந்திரிச்சீங்க, எல்லாம் அவனுக்குக் கணக்கு. இது அப்படி இல்ல. இது எவனுக்கும் சொந்தமில்ல. எவன் வேணும்னாலும் உள்ள எழுதியிருக்குறதைப் படிச்சுப் பாக்கலாம், பிடிக்கலன்னா மாத்திக்கலாம். வெளிநாட்டுலேர்ந்து வரவழைச்சேன். கஸ்டம்ஸ்ல மூணு வாரம் கெடந்துச்சு. உங்க போனைக் கொஞ்சம் கவுத்து வைக்கிறீங்களா? அது கேமரா என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு இருக்கு. நன்றி.

என் பேரு ஞானசேகரன். திருச்சியில ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜ்ல கம்ப்யூட்டர் லேபைப் பாத்துக்குறேன். அறுபத்து நாலு மெஷின், பதினாலு வருஷம். அத்தனையிலயும் லினக்ஸ் போட்டவன் நான். எங்க பிரின்சிபால் என்னைப் பாத்தா வராண்டாவுல அந்தப் பக்கமா திரும்பிப் போயிருவாரு, அந்த அளவுக்கு மரியாதை.

இதுல என்னென்ன வேலை செய்யும்னு கேக்குறீங்க. பேசலாம். மெசேஜ் அனுப்பலாம். பேசுறப்ப சில நேரம் சத்தம் விட்டு விட்டு வரும், அது சின்ன விஷயம், அணைச்சுட்டுத் தொறந்தா சரியாயிரும். பாட்டரி மத்தியானம் வரைக்கும் நிக்கும். போட்டோ எடுக்கலாம், கலர் மட்டும் கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும். வாட்ஸப் கிடையாது. பேங்க் ஆப் கிடையாது. கிடையாதுன்னு சொல்லக் கூடாது, நான் வேணாங்கறேன். இப்ப கண்டக்டர் ஸ்கேன் பண்ணுங்கன்னு அட்டையை நீட்டுனான்ல? நான் சில்லறையா எண்ணிக் குடுத்தேன். முறைச்சான். முறைக்கட்டும். நான் சண்டைக்காரன் இல்ல சார், ஆனா என் விஷயத்துல எவனும் தலையிடக் கூடாது, அவ்வளவுதான்.

எங்கேர்ந்து வர்றேன்னா, அறந்தாங்கியிலேர்ந்து, புதுக்கோட்டையில வண்டி மாறி. மாமனார் வீடு. மாமனார் போய்ச் சேந்துட்டாரு, இப்ப மச்சான் வீடு. என் பொண்டாட்டியைக் கூட்டிட்டு வரப் போனேன். இந்த சீட்டு காலியா இருந்துச்சுன்னுதானே நீங்க வந்து ஒக்காந்தீங்க? அவ வந்திருந்தா அவ ஒக்காந்திருப்பா.

போயி நாப்பத்தொரு நாள் ஆச்சு. குடிச்சுட்டு அடிச்சேனா? இல்ல. வேற தொடுப்பு கிடுப்பு? இல்ல. ஒரு போன். ஒரு போனுக்காகப் போயிட்டா. நீங்களே கேட்டுட்டு நியாயம் சொல்லுங்க. பிள்ளைங்க இல்ல எங்களுக்கு, அதை மட்டும் கேக்காதீங்க.

அவ பேரு வசுமதி. ஆரி வேலை செய்வா. கல்யாணப் பொண்ணுங்க பிளவுஸ்ல மணியும் கல்லும் சரிகையும் வெச்சு ஊசியால போடுவாங்கள்ல, அது. கை நல்ல கை. எடமலைப்பட்டிப்புதூர் பக்கம் கேட்டுப் பாருங்க, வசு அக்கா பிளவுஸ்னா பொண்ணுங்களுக்கு ஒரு பைத்தியம். பொண்ணு சேலையை போட்டோ புடிச்சு வாட்ஸப்புல அனுப்பும். இவ அதுக்கு நூல் எடுத்து வெச்சு, போட்டோ புடிச்சுத் திருப்பி அனுப்புவா. அந்தப் பொண்ணு, கொஞ்சம் கம்மியா வைங்கக்கா, அம்மா திட்டுறாங்கன்னு பேசி அனுப்பும். நாள் பூரா டிங்கு டிங்குன்னு வீட்டுல ஒரே மணிச் சத்தம். எனக்குத் தலைவலி வந்துரும்.

இதுல ஒண்ணு சொல்றேன், பதறிப் போயிருவீங்க. அளவை நோட்டுல எழுத மாட்டா சார். டேப்பை ஆள் மேல வெச்சுப் பிடிச்சு, நம்பர் தெரியுற மாதிரி விரலை வெச்சு, போட்டோ எடுத்துக்குவா. கழுத்து, தோளு, கை, எல்லாம். எழுதுனா மூணு எட்டா மாறிரும், போட்டோ மாறாதும்பா. அது அவ முறை, அவ அம்மாகிட்ட கத்துக்கிட்டது இல்ல, அவளா கண்டுபிடிச்சது. நான் கேட்டேன், ஏண்டி, ஊர்ப் பொம்பளைங்க அளவு பூரா எந்த தேசத்துலயோ எவன் கம்ப்யூட்டர்லயோ போய் ஒக்காந்திருக்கே, உனக்கு ஒண்ணுமே தோணலையான்னு. நியாயமா இல்லையா? நீங்களே தலையாட்டுறீங்க பாருங்க. அவ சிரிச்சா. என் சோலி தெரிஞ்சா அவனும் பிளவுஸ் தைக்கப் போறானாக்கும்னு சிரிச்சா.

அதுக்கப்புறம்தான் அவளுக்கும் ஒரு லினக்ஸ் போன் வாங்கினேன். ரெண்டு வருஷம் இருக்கும். கல்யாண நாளுக்கு. பட்டுச் சேலை எடுத்துக் குடுக்குற புருஷன் ஊருல ஆயிரம் பேர் இருக்கான், பொண்டாட்டிக்கு சுதந்திரத்தை வாங்கிக் குடுத்தவன் நான் ஒருத்தன்தான். அவ பழைய போனை விக்கல. வித்தா உள்ள இருக்குறதை எவனாவது தோண்டி எடுப்பான். கொல்லைப்பக்கம் துணி தொவைக்கிற கல்லு மேல வெச்சு சுத்தியலால நானே ஒடைச்சேன். அவ பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தா, வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லல.

வாட்ஸப் இல்லாம எப்படி வேலை பாக்குறதுன்னு கேட்டா. நல்ல கேள்விதான். ஈமெயில்ல அனுப்பச் சொல்லுன்னேன். எந்தப் பொண்ணும் அனுப்பல. சரி, இதுலயும் ஓடுற மாதிரி பேசுற ஆப் ஒண்ணு இருக்கு, யாருக்கும் சொந்தமில்லாதது, எல்லாரையும் அதைப் போட்டுக்கச் சொல்லுன்னேன். நானே கம்ப்யூட்டர்ல அடிச்சு, பிளாஸ்டிக் உறை போட்டு, கேட்டுல ஒட்டினேன். "இவ்வீட்டில் வாட்ஸப் பயன்படுத்தப்படுவதில்லை. வாடிக்கையாளர்கள் கீழ்க்கண்ட செயலியை நிறுவிக்கொண்டு வரவும்." அதுக்குக் கீழ நிறுவுற முறை, பதினோரு படி. எவ்வளவு தெளிவா எழுதியிருந்தேன் தெரியுமா? என் ஸ்டூடன்ட்ஸுக்குக்கூட அவ்வளவு தெளிவா எழுதினதில்ல. வந்த பொம்பளைங்க படிச்சுப் பாத்துட்டு, மீட்டர் ரீடிங் எடுக்க வந்த மாதிரி கேட்டுலயே நின்னுட்டுப் போயிட்டாங்க. ஜனங்களுக்கு அடிமையா இருக்குறதுதான் சார் வசதி.

அப்புறம் அந்த அரக்குக் கலர் விவகாரம். ஒரு பொண்ணு அரக்குச் சேலை. இவ என் போன்ல, அவ போன்லதான், போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டு அதைப் பாத்து நூல் வாங்கியிருக்கா. வந்தது பழுப்பு. கேமரா கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும்னு நான் முன்னாடியே சொல்லியிருந்தேன். அந்தப் பொண்ணோட அம்மா வாசல்ல நின்னு நாலு வீட்டுக்குக் கேக்குற மாதிரி பேசிட்டுப் போச்சு. வசுமதி பிளவுஸைப் பூராப் பிரிச்சு மூணு நாள் மறுபடி போட்டா. நான் அவளைத் திட்டல. கலரைக் கண்ணால பாக்காம போனை நம்புனா இப்படித்தான் ஆகும்னு மட்டும் சொன்னேன்.

நாலஞ்சு மாசத்துல கூட்டம் கொறஞ்சுருச்சு. வீடு அமைதியாச்சு. மணிச் சத்தம் இல்ல. சாயங்காலம் வந்தா அவ சும்மா ஒக்காந்திருப்பா. எனக்கு நிம்மதியா இருந்துச்சு சார், பொய் சொல்லல. அவளுக்கும் நிம்மதின்னுதான் நெனச்சேன்.

பாஸ்வேர்டா? அவ போனுக்கு உள்ள போற பாஸ்வேர்டு எங்கிட்டதான். பின்ன? தெரியாம எதையாவது அழிச்சுட்டா யாரு சரி பண்றது? ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு போனையும் எடுத்து வெச்சுக்கிட்டு, வாரம் பூரா என்னென்ன ஓடுச்சு, யாருக்குப் போச்சுன்னு போன் தானா எழுதி வெக்கிற லாக்கைப் படிச்சுப் பாப்பேன். என்ன அப்படிப் பாக்குறீங்க? லாக் பாக்குறது வேற, வேவு பாக்குறது வேற. கம்பெனிக்காரன் பாக்குறது காசுக்கு. நான் பாக்குறது அக்கறையில. இந்த வித்தியாசம் தெரியாதவங்ககிட்ட மேற்கொண்டு பேசுறதே வீண்.

அப்படி ஒரு ஞாயித்துக்கிழமை, இந்த ஆடி மாசம், வீட்டு வைஃபையில யாரெல்லாம் இருக்காங்கன்னு பட்டியல் பாத்தேன். ரெண்டு போன், என் லேப்டாப், அவ்வளவுதான் இருக்கணும். நாலாவதா ஒண்ணு இருக்கு. எவனோ பக்கத்து வீட்டுக்காரன் திருடுறான்னு நெனச்சு அதை அடைச்சு வெச்சேன். மறுநாள்லேர்ந்து வசுமதி மத்தியானத்துல எதிர் வீட்டு ரெஜினா டீச்சர் வீட்டுக்குப் போக ஆரம்பிச்சா. தினம். ரெண்டு மணி நேரம். டீச்சர் ஜெபக் கூட்டம் நடத்துறவங்க. எம் பொண்டாட்டி மதம் மாறப் போறாளோன்னுகூட நெனச்சுட்டேன் சார்.

கடைசியில பாத்தா லைனிங் துணி வெச்சிருக்குற அட்டைப்பெட்டிக்கு அடியில ஒரு போன். பழசு, கீறல் விழுந்தது. எப்ப வாங்கினாளோ, ஆறு மாசம் இருக்கும் போல. சிம் இல்ல, வைஃபையில மட்டும் ஓட்டிக்கிட்டு, நான் அடைச்சதுக்கப்புறம் டீச்சர் வீட்டு வைஃபையில, வாட்ஸப்பைப் போட்டு, பழைய கூட்டத்தையெல்லாம் மறுபடி சேத்து வெச்சிருக்கா. எனக்கு எப்படி இருந்திருக்கும்? பொண்டாட்டி எவன்கூடயோ பேசியிருந்தாக்கூட ஒரு மாதிரி. இது நான் எதை எதுத்து வாழுறேனோ அதையே கொண்டாந்து எம் வீட்டுக்குள்ள துணிக்கு அடியில வெச்ச மாதிரி.

ஆனா நான் கத்தல. இதைக் கவனிங்க சார், எல்லாரும் என்னைக் கோவக்காரன்னு சொல்லுவாங்க, நான் ஒரு வார்த்தை கத்தல. போனைத் திருப்பிப் பாத்தேன். மாடல் நம்பரைப் பாத்ததும் சந்தோஷமாயிருச்சு. ஏன்னா அந்த மாடல்ல லினக்ஸ் போடலாம். எல்லா போன்லயும் போட முடியாது, ஒரு சில மாடல்தான் ஒத்துக்கும், அதுல இது ஒண்ணு. கடவுளா பாத்து வழி விட்ட மாதிரி இருந்துச்சு. பையில போட்டு லேபுக்குக் கொண்டுபோயி, சாப்பிடாம கொள்ளாம நாலு மணி நேரம் ஒக்காந்து, உள்ள இருந்த குப்பையெல்லாம் தொடைச்சு எடுத்துட்டு, லினக்ஸை ஏத்தினேன். முன்னாடி படமா வயலூர் முருகனை வெச்சேன், அவளுக்குப் பிடிக்கும்னு. அதே பெட்டிக்கு அடியில கொண்டுபோயி வெச்சுட்டேன். தொறந்து பாத்து சந்தோஷப்படட்டும்னு.

அளவு போட்டோ எல்லாம் அதுலதான் இருந்துச்சாம். ஆவணி முகூர்த்தத்துக்குப் பதினோரு கல்யாணப் பொண்ணுங்க. எனக்கு எப்படித் தெரியும்? சொல்லியிருந்தா எடுத்து வெச்சிருக்க மாட்டேனா? இன்டர்நெட்டுல எங்கேயாவது ஒரு காப்பி சேத்து வெச்சிருந்தா திரும்ப வந்திருக்கும்னு மச்சான் சொல்றான், பெரிய விஞ்ஞானி மாதிரி. அப்படி வெளிய சேத்து வைக்கவே கூடாதுன்னு நான்தான் அவளுக்கு சொல்லிக் குடுத்திருந்தேன். அந்த ஒண்ணுல மட்டும் என் பேச்சைக் கேட்டிருக்கா.

அவ அழல சார். அழுதிருந்தா சமாதானம் பண்ணியிருப்பேன். மெஷின் முன்னாடி ஒக்காந்து அந்த முருகன் படத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. நான் காபியை நானே போட்டுக் குடிச்சேன். அப்புறம் கேட்டா.

"இதுல இருந்ததெல்லாம் எங்க?"

"சுத்தம் பண்ணிட்டேன்," அப்படின்னேன்.

அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் டேப்பைக் கைப்பையில போட்டுக்கிட்டுக் கெளம்பினா. பதினோரு வீட்டுக்கும் டவுன் பஸ்ல ஏறி எறங்கிப் போயிருக்கா. லால்குடி, மணிகண்டம், துவாக்குடின்னு நாலா பக்கமும். ஏம்மா ஏற்கெனவே அளவு எடுத்தீங்களேன்னு கேட்டவங்களுக்கு என்ன சொன்னாளோ. ரெண்டு வீட்டுல துணியைத் திருப்பி வாங்கிக்கிட்டாங்களாம். மீதி ஒம்பதையும் போட்டு முடிச்சா. சோறு வேளைக்கு வெச்சா, கொழம்புல உப்புக்கூட மாறல. நான் எல்லாம் சரியாயிருச்சுன்னு நெனச்சேன். கடைசி பிளவுஸைக் குடுத்த மறுநாள் காலையில ஒரு குட்டி லாரி வந்து நின்னுச்சு. மச்சான் எறங்கினான். தையல் மெஷின், ஆரி ஸ்டாண்டு, நூல் பெட்டி எல்லாம் ஏத்தினாங்க. நான் வாசல்லயே நின்னேன். மெஷினை எடுத்துக்கிட்டுப் போனா. நான் குடுத்த போனை மேசை மேல வெச்சுட்டுப் போனா, சிம்மோட.

இப்ப அந்த சிம் எங்க இருக்குன்னா, இதுக்குள்ளதான். என்னோடதை எடுத்துட்டு அவளோடதைப் போட்டுக்கிட்டேன். இதுல ஒண்ணுதான் போட முடியும். எனக்குன்னு கூப்புடுறவங்க யாரு இருக்கா? காலேஜ்ல இன்டர்காம் இருக்கு. அவ சிம்முல யார் யார் கூப்புடுறாங்கன்னு தெரியணும்ல? அதோட, என்னைக்காவது தன் நம்பருக்குத் தானே கூப்பிட்டுப் பாப்பாள்ல. கூப்புட்டா நான் எடுப்பேன்.

நாப்பது நாள் பொறுத்தேன். ஒரு வார்த்தை வரல. சரி, மனுஷன்தானே எறங்கி வரணும்னு இன்னைக்கு லீவு போட்டுட்டுப் போனேன். சும்மா போகல. புதுசா ஒரு லினக்ஸ் போன் வாங்கி, எல்லாம் போட்டு, தயார் பண்ணி எடுத்துக்கிட்டுப் போனேன். இந்தா இந்தப் பையில இருக்கு, அதே பெட்டி. இதைவிட ஒசத்தி. கேமரா கலர்கூட ஓரளவு சரியா வரும், நானே ஒரு வாரம் ஒக்காந்து சரி பண்ணேன், அரக்கு அரக்காவே வருது. பக்கவாட்டுல சுவிட்சு இருக்கு பாருங்க, இதைத் தள்ளினா கேமராவும் மைக்கும் உள்ளயே செத்துரும். எந்தக் கொம்பனும் கேக்க முடியாது.

மச்சான் பேரு சிதம்பரம், உரக்கடை வெச்சிருக்கான். வாங்க மாப்ளன்னான். அவன் வாய் வாங்கன்னுச்சு, முகம் சொல்லல. புருஷன் பொண்டாட்டி விவகாரத்துல தலையிட மாட்டேங்குற மாதிரி பேப்பரைப் பிரிச்சு வெச்சுக்கிட்டு ஒக்காந்துட்டான். பேப்பரைத் தலைகீழா பிடிச்சிருந்தா சிரிச்சிருப்பேன், நேராத்தான் பிடிச்சிருந்தான். முன் ரூமுல அவ மெஷின். ரெண்டு பொண்ணுங்க பெஞ்சுல காத்துக்கிட்டு இருக்கு. நாப்பது நாளுக்குள்ள அங்கயும் கூட்டம் சேத்துட்டா. கழுத்துல டேப்போட வெளிய வந்தா. இளைச்சிருப்பான்னு நெனச்சுப் போனேன், இளைக்கல.

நான் பெட்டியைப் பிரிச்சுக் காமிச்சேன். சுவிட்சைக் காமிச்சேன். கலரைக் காமிச்சேன். பெஞ்சுல இருந்த பொண்ணு துப்பட்டாவையே போட்டோ புடிச்சு, பக்கத்துல வெச்சுக் காமிச்சேன். முழுசாக் கேட்டா சார், குறுக்க ஒரு வார்த்தை பேசல. காலேஜ்ல என் பசங்ககூட அப்படிக் கேக்க மாட்டானுங்க. சரி, வழிக்கு வந்துட்டான்னு நெனச்சேன்.

"எங்கேயோ இருக்குற கம்பெனிக்காரன் என்னைப் பாக்குறான், பாக்குறான்னு ரெண்டு வருஷமா சொல்றீங்க," அப்படின்னா. "பாத்துட்டுப் போகட்டும். அவன் ஒருத்தன்கூட எம் பொழப்புல கை வைக்கல."

பெஞ்சுல ரெண்டு பொண்ணுங்க முன்னாடி சார். மச்சான் பேப்பரை எறக்கிட்டான். நான் அமைதியாத்தான் சொன்னேன், நீ படிச்சவ இல்ல, உனக்கு இதோட ஆபத்து புரியாது, இன்னும் பத்து வருஷம் கழிச்சு நான் சொன்னதை நெனச்சு நீ அழுவ பாருன்னு. அதுக்கு அவ கோவப்படல.

"அந்த சிம்மை மட்டும் குடுத்துருங்க. கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்து நான் வெச்சிருந்த நம்பர் அது. எல்லாருக்கும் அதான் தெரியும்."

"கல்யாணத்துக்கப்புறம் சிம்மை என் பேருக்கு மாத்தியாச்சு. வீட்டுக்கு வா, தர்றேன்."

மறுபேச்சு பேசுவான்னுதான் நெனச்சேன்.

"அப்ப வெச்சுக்குங்க," அப்படின்னுட்டு உள்ள போயிட்டா. மெஷின் சத்தம் கேட்டுச்சு. மச்சான் சாப்புட்டுப் போங்க மாப்ளன்னான். சாப்பாடு யாருக்கு வேணும்? நான் எந்திரிச்சு வந்துட்டேன். வாசப்படி எறங்குறப்ப உள்ள டிங்குன்னு அந்தச் சத்தம். புது போன் வாங்கிட்டா போல. எந்தப் போனுன்னு நான் திரும்பிப் பாக்கல.

இப்ப சொல்லுங்க, யாரு பக்கம் தப்பு? நீங்க சொல்ல மாட்டீங்க. அட, நீங்களும் அதே போனை வெச்சிருக்குற ஆளுதானே, உங்ககிட்ட நியாயம் கேட்டு என்ன ஆகப் போகுது? எல்லாரும் அவ பக்கம்தான் பேசுறாங்க. ரெஜினா டீச்சர் இப்ப என்னைப் பாத்தா குட்மார்னிங்கூட சொல்றதில்ல. நான் என்ன கெட்டது பண்ணேன்? ஒருத்தர் வாழ்க்கையை இன்னொருத்தர் பாக்கக் கூடாது, ஒருத்தர் பொருளை இன்னொருத்தர் ஆட்டிப் படைக்கக் கூடாது, இதைத்தானே சொன்னேன். இதுக்குப் போயி ஒரு குடும்பம் பிரியுமா?

இருங்க, அடிக்குது.

ஹலோ. ஆமா, சொல்லுங்க. இல்லம்மா. இல்ல, ராங் நம்பர். வைங்க.

கஸ்டமர்தான். தினமும் நாலஞ்சு வரும். ஐப்பசி முகூர்த்தம் வருதுல்ல. ராங் நம்பர்னு சொல்லிருவேன். வேற என்ன சொல்ல? அவ எங்க இருக்கா, என்ன பண்றான்னு கூப்புடுறவங்களுக்கெல்லாம் நான் சொல்லிக்கிட்டு இருக்கணுமா? அது அவளோட சொந்த விஷயம் சார். அதை வெளிய சொல்ற ஆளு நான் இல்ல.

கீரனூர் வந்துருச்சா? இன்னும் இல்லையா? இந்த வண்டியை ஏன் இப்படி உருட்டுறான்.

மறுபடியும் அதே நம்பர். விட மாட்டா போலிருக்கு.

ஹலோ. ஏம்மா, அதான் சொன்னேன்ல. படிச்சுக் காமிக்க வேணாம்மா, தெரியும், நம்பர் சரிதான். ஆமா. ஆரி வேலை செய்யுறவங்கதான். ஆமா, வசு அக்காதான். உங்க அக்கா கல்யாணத்துக்கா? எப்ப? தாமரை போட்டதா, முதுகுப் பக்கம் தாமரையும் ரெண்டு கிளியும். ஞாபகம் இருக்கும்மா. அது எங்க வீட்டு ஹால்லதான் இருந்துச்சு ஒரு மாசம், நான் அந்த ஸ்டாண்டைச் சுத்திச் சுத்திப் போவேன். நல்லா இருந்துச்சு. ரொம்ப நல்லா இருந்துச்சு. நான் அவகிட்ட அதைச் சொல்லல.

இல்லம்மா, ஒண்ணும் இல்ல. பஸ்ல வர்றேன், அதான் சத்தம்.

வீடு மாறிட்டா. ஊருக்குப் போயிட்டா. நல்லா இருக்கா, உடம்புக்கு ஒண்ணும் இல்ல. இன்னைக்குப் பாத்துட்டுதான் வர்றேன். அங்கயும் தைக்கிறா. ஆமாம்மா, புது நம்பர்தான் வாங்கியிருக்கா.

குடுக்கலாம்மா. குடுக்குறதுக்கு… எங்கிட்ட இல்லம்மா.

நானா? நான் அவ வீட்டுக்காரர்தாம்மா பேசுறேன். இல்லம்மா, நெஜமாவே எங்கிட்ட இல்ல.